தில்லைக்குக் காந்தம் வேண்டுமோ?

தில்லைத் தரிசனத்துக்குச் செல்லும் அன்பர்க்கு இக்காலத்துச் சிறு புத்தகங்களும் கைப்பேசிச் செய்திகளும் புதியதொரு தலபுராணத்தைக் கற்பித்து வருகின்றன. அம்பலவாணர் ஊன்றிய திருவடியின் பெருவிரல் பூமியின் காந்த நடுக்கோட்டின் மையத்தில் அமைந்துள்ளது என்பதும், மேனாட்டு விஞ்ஞானிகள் பல்லாண்டு ஆராய்ந்து இதனைக் கண்டனர் என்பதும் அப்புராணத்தின் சாரம். கண்டவர் யாவர், எவ்வாண்டில், எந்நூலில் வெளியிட்டனர் என்பன அதில் இல்லை. சைவரிற் சிலர் இதனை நம்புவதோடு அமையாது மேடைகளிலும் எடுத்துரைத்து மகிழ்கின்றனர். புறத்தார் இகழ்ச்சியைப் பொறுக்கலாம். அன்பரே செய்யும் இவ்விழுக்கைப் பொறுத்தல் தகாது.

காந்த நடுக்கோடாவது, காந்த ஊசி மேலுங்கீழுஞ் சாயாது கிடையாக நிற்கும் இடங்களை இணைத்து உலகைச் சுற்றிவரும் கோடு. சுற்றிவரும் கோட்டிற்குத் தரைமேல் மையம் ஏது? அக்கோடுதானும் ஓரிடத்தில் நில்லாது காலந்தோறும் சிறிது சிறிதாகப் பெயர்வது. அதனை நாடிய இந்திய விஞ்ஞானிகள் தில்லைக்கு வந்தாரல்லர். திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவுக்குச் சென்றனர். அக்கோட்டிற்கு அணித்தாயிருத்தல் பற்றியே அங்கு ஏவுதளம் அமைத்து, 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் தேதி முதல் ராக்கெட்டை விடுத்தனர். தும்பா வட அட்சம் ஏறத்தாழ 8½ பாகை. தில்லை 11 பாகை 24 கலை.

ஐம்பூதத் தலங்கள் ஒரே தீர்க்கரேகையில் உள்ளன என்பதும் இவர் கூற்றே. காளத்தி, காஞ்சி, தில்லை மூன்றும் 79 பாகை 42 கலையை ஒட்டி நிற்றல் மெய், வியக்கத்தக்கதுமாம். ஆயின் அண்ணாமலை 79 பாகை 4 கலையை ஒட்டியும், ஆனைக்கா 78 பாகை 42 கலையை ஒட்டியும் உள்ளன. ஐந்தில் இரண்டை மறைத்து மூன்றைக் காட்டுதல் கணக்காகாது.

இவ்வழக்கம் தில்லையோடு நிற்கவில்லை. வடக்கே கடலூரில் திருப்பாதிரிப்புலியூரை வழிபடச் செல்வார்க்கும் இத்தகைய விளக்கம் கிடைக்கின்றது. கல்லொடு பிணித்துக் கடலில் இடப்பெற்ற நாவரசர், அக்கல்லே தெப்பமாகக் கரையேறி வழிபட்ட தலம் அது. அக்கல் நீரில் மிதக்கும் நுரைக்கல்லாம்! வரலாற்றைக் காப்பாற்றிவிட்டதாக இவ்வாறுரைப்பார்க்கு எண்ணம். நுரைக்கல்லைக் கட்டிக் கடலில் விட்டவர் கொல்லக் கருதியவரோ, காக்கக் கருதியவரோ? நாவரசர் தாமே திருநீலக்குடித் திருக்குறுந்தொகையில் இதனைச் சுட்டி, இறைவன் திருநாமத்தால் உய்ந்ததாக அருளினார். பட்டவர் திருநாமம் என்ன, பதின்மூன்று நூற்றாண்டு கழித்து வந்தவர் கல்லின் இயல்பு என்பரேல், எவர் சொற் கொள்ளத்தக்கது? கடலூரில் கரையேறவிட்ட குப்பம் என்னும் இடப்பெயர் இன்றும் வழங்குகின்றது. ஏற விட்டவன் ஒருவன் உளன் என்பது அவ்வூரார் வழக்கிலேயே உண்டு.

சித்தாந்த நூல்கள் காண்டல், கருதல், உரை என அளவை மூன்று கொள்ளும். ஊசி எங்கே சாயாது நிற்கும் என்பது காண்டற்குரியது. அங்குக் கருவி காட்டுவதே முடிபு. திருவருட் செயல் உரைக்குரியது. உரைக்குரியதைப் பொய்க் காண்டலின்மேல் ஏற்றிவைப்பின், கருவியோடு வரும் மாணவன் காந்தக் கதையைத் தள்ளும்போது ஊன்றிய திருவடியையும் உடன் தள்ளிவிடுவான். குற்றம் அவன்மேலதன்று, ஏற்றிவைத்தார் மேலதே.

விஞ்ஞானம் கற்ற இளைஞரைக் கோயிலுக்கு ஈர்க்க இது பயன்படுமே எனின், காந்தத்துக்காக வந்தவன் காந்தம் இல்லையென்று அறிந்த அன்றே போய்விடுவான். அவனுக்குக் காட்டத்தக்கது வேறுண்டு. திருவதிகை மனவாசகங்கடந்தார் உண்மை விளக்கத்தில் துடியிற் படைப்பும், அமைத்த கையிற் காப்பும், அழலில் அழிப்பும், ஊன்றிய திருவடியில் மறைப்பும், தூக்கிய திருவடியில் அருளும் காட்டினார். மறைப்பாவது, மலம் பரிபாகமுறுங்காறும் இறைவன் தன்னைக் காட்டாது நின்று, உயிரை வினைப்பயன் நுகர்விக்கும் கருணை. தான் இதுகாறும் இறைவனைக் காணாதிருந்ததும் அவன் அருளே என்று ஓரிளைஞன் அத்திருவடி முன் நின்று உணர்வானாயின், அவன் மீண்டும் வருவான். அப்பெருவிரலின் கீழ்க் காந்தம் தேடச் சொல்வார் இதனை அவனுக்குச் சொல்வதில்லை.

தலவரலாறு அச்சிடுவோர் அடுத்த பதிப்பில் காந்தப் பகுதியை நீக்கி, அவ்விடத்தில் உண்மை விளக்கச் செய்யுள்களை உரையுடன் சேர்ப்பாராக.