கடையை மூடும் முன்னால்



கஞ்சா வழக்கில் சிக்கிய கல்லூரி மாணவர்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதற்குக் கட்டுக் கட்டாகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. "பிடிபட்டவனை உள்ளே தள்ளுங்கள், தயவுதாட்சண்யமே கூடாது" என்கிறார்கள் ஒரு சாரார். "தடை போட்டு எதை ஒழித்தார்கள்? அனுமதித்துவிட்டு வரி வாங்கட்டும்" என்கிறார்கள் இன்னொரு சாரார். இரண்டிலும் கோபம் இருக்கிறது, அக்கறையும் இருக்கிறது. இரு சாராரும் தெலங்கானாவில் கள்ளுக்கு நடந்ததைக் கொஞ்சம் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

திருமுல்கேரியிலும் போலாரத்திலும் தலைமுறைகளாக வாழும் நமக்குக் கள் விற்கும் காம்பவுண்டு தெரியாததல்ல. பல வருடங்கள் மூடிக் கிடந்த ஹைதராபாத் காம்பவுண்டுகள், தனி மாநிலம் பிறந்த கையோடு 2014-ல் திறந்தன. மரமேறும் கௌடு குடும்பங்களின் பிழைப்புக்காக என்றார்கள். நியாயமான காரணம்தான். ஆனால் இறக்கிய கள் அன்றைக்கே புளித்துவிடும். இவ்வளவு பெரிய நகரத்துக்குப் பனைக்கும் ஈச்சைக்கும் எங்கே போவது? அதனால் பல பாட்டில்களில் தண்ணீர், சாக்கரின், பேருக்குக் கொஞ்சம் கள், கூடவே அல்பிரசோலம். மனப்பதற்றத்துக்கு மருத்துவர் சீட்டு எழுதித் தருகிற மருந்து அது. குடிப்பவர் தான் கள்ளுக்குப் பழகிவிட்டதாக நினைப்பார். அவர் உடம்பு பழகியிருப்பது அந்த மருந்துக்கு.

2015 செப்டம்பரில் அரசு கலப்படக் கள்ளின் மேல் பாய்ந்தது. நிஜாமாபாத், மேடக், மகபூப்நகர் மாவட்டங்களில் ரெய்டுகள் நடந்தன, சரக்கு நின்றது. சில நாட்களுக்குள் மருத்துவமனைகளில் கூட்டம். டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் கை நடுங்குகிறது. தூக்கம் போய்விட்டது. இல்லாத ஆளோடு பேசுகிறார்கள், சொந்தப் பிள்ளையை அடையாளம் தெரியவில்லை, வலிப்பு வருகிறது. எர்ரகட்டா மனநல மருத்துவமனைக்கும் ஆட்களைக் கொண்டுவந்தார்கள். சிலர் இறந்தார்கள், சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். வருடக்கணக்கில் உள்ளே போன அல்பிரசோலத்தை மருத்துவர் மேற்பார்வையில் வாரக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். ஒரே நாளில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

ரெய்டு போனது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். விஷத்தை விற்க விடக்கூடாது. கடையை மூடுகிற தேதியைக் குறித்தவர்கள், அதே தாளில் எத்தனை படுக்கை, எத்தனை மருத்துவர், எந்த ஊரில் என்பதையும் குறித்திருக்க வேண்டும். அதுதான் என் ஆதங்கம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து மதுக்கடைகள் ஒரே நாளில் அடைக்கப்பட்டபோதும் எர்ரகட்டாவில் இதே கூட்டம்.

"அனுமதித்துவிட்டால் சரியாகிவிடும்" என்பவர்களுக்கு 2025 ஜூலையில் கூகட்பல்லியில் நடந்ததைச் சொல்கிறேன். உரிமம் பெற்ற தொழில், ஊரறிந்த காம்பவுண்டுகள். அங்கே குடித்தவர்களில் சிலர் இறந்தார்கள். சிறுநீரகம் பழுதாகி நிம்ஸ் மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்துகொண்டவர்கள் உண்டு. சோதித்தால் மறுபடியும் அல்பிரசோலம். பாட்டிலில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆள் இல்லாத இடத்தில், உரிமம் சுவரில் மாட்டிய தாள்தான்.

தடைக்கும் விலை உண்டு. நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில் 1992-ல் பெண்கள் சாராயத்துக்கு எதிராகக் கிளம்பினார்கள். புருஷன் கூலியைச் சாராயக் கடையில் கொட்டிவிட்டு வருவதைப் பார்த்த பெண்களின் கோபம் அது. தடை கேட்பவர்களை இளக்காரமாகப் பேசுகிற யாரும் முதலில் அவர்களை நினைக்க வேண்டும். அந்தக் கோபம்தான் 1995 ஜனவரியில் முதல்வர் என்.டி. ராமராவின் பூரண மதுவிலக்கானது. பக்கத்து மாநிலச் சரக்கும் கள்ளச்சாராயமும் உள்ளே புகுந்தன, கஜானா காய்ந்தது, 1997-ல் அடுத்த முதல்வர் சந்திரபாபு நாயுடு அதை விலக்கிக்கொண்டார். ஹைதராபாத் பழைய நகரத்துத் தூல்பேட்டையில் 'குடும்பா' என்ற கள்ளச்சாராயத்தை ஒடுக்கிய பிறகு அதே சந்துகளில் கஞ்சா கைமாறத் தொடங்கியது. நம் ஊரான தமிழ்நாட்டுக்குப் போனால் அங்கே 1987-லிருந்து கள்ளுக்குத் தடை, ஆனால் டாஸ்மாக்கை அரசே நடத்துகிறது. அப்படியிருந்தும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது.

கடிதங்களுக்கு நடுவே ஓர் அம்மாவின் இன்லண்ட் லெட்டர். பேரும் பகுதியும் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். மகனுக்குக் கஞ்சாப் பழக்கம். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் போலீசுக்குச் சொல்லிவிடுவார்களோ?" இந்தப் பயத்தில் இரண்டு வருடமாக வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறார். அம்மா, போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-ல் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சொந்த உபயோகத்துக்காகவோ சிறிதளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர், தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ சிகிச்சை எடுத்து முடித்தால், அந்தக் குற்றத்துக்கு வழக்கிலிருந்து விலக்கு உண்டு. தயங்காமல் கூட்டிப்போங்கள். போதை மறுவாழ்வு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு டெலி-மானஸ் 14416. இரண்டுக்கும் கட்டணம் இல்லை. டெலி-மானஸில் தமிழிலேயே பேசலாம்.

இப்படி ஒரு பிரிவு இருப்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? 2021-ல் ஹைதராபாத்தில் வண்டியை நிறுத்தி, செல்போனில் கஞ்சா என்ற சொல்லைத் தேடினார்கள் போலீசார். அந்தச் செய்தி எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது, 64ஏ போய்ச் சேரவில்லை. போர்ச்சுகலில் 2001-லிருந்து பத்து நாள் உபயோகத்துக்கு உட்பட்ட அளவோடு பிடிபடுகிறவரைக் கோர்ட்டுக்கு அனுப்புவதில்லை. ஒரு குழு முன்னால் உட்காரவைத்துப் பேசி, தேவைப்பட்டால் சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள். விற்பது அங்கே இன்றும் குற்றம்தான். கடை திறப்பதை நான் ஆதரிக்கவில்லை. விற்பவனையும் விழுந்தவனையும் ஒரே கூண்டில் நிறுத்துவதை எதிர்க்கிறேன்.

அடுத்த இதழிலிருந்து மனநல மருத்துவர் ஒருவர் உங்கள் கேள்விகளுக்கு இரண்டு பக்கம் பதில் எழுதச் சம்மதித்திருக்கிறார். உறையின் மேல் "மருத்துவருக்கு" என்று குறித்து அனுப்புங்கள். பெயர், முகவரி எதுவும் அச்சாகாது. பெயரே இல்லாமல் எழுதினாலும் பதில் வரும்.

அன்புடன்,
ஆசிரியர்