"சீ" என்பது பதில் ஆகுமா?

போன ஞாயிறு இடக்கொச்சியில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில் மதியச் சாப்பாடு. பிளஸ் டூ படிக்கும் பையன் கேட்டான்: "பி.காம் முடிச்சு பேங்க்ல சேர்ந்தா எவ்ளோ மாமா கிடைக்கும்?" சொன்னேன். சிரித்தான். "ஒன்லிஃபேன்ஸ்ல ஒரே நாள்ல எடுத்துடறாங்க. நீங்க கவுண்டர்லயே உட்காருங்க."

அம்மா "சீ, வாயைக் கழுவு" என்றார். அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார். விவாதம் முடிந்தது!

தப்பு இங்கேதான் மக்களே. அவன் அந்தத் தளத்தைப் பார்த்தானோ இல்லையோ, "நான் கோடி சம்பாதித்தேன்" என்று பீற்றும் ரீல்ஸ் தினமும் பார்க்கிறான். அவன் கேட்டது கணக்குக் கேள்வி. "சீ" அதற்குப் பதில் இல்லை.

பேப்பரை எடுத்துப் போட்டேன். அந்த கம்பெனி வெளியிட்ட 2024 கணக்குப்படி ரசிகர்கள் கட்டியது சுமார் 720 கோடி டாலர். 20 சதவீதம் கம்பெனிக்கு. மிச்சம் 46 லட்சம் கணக்குகளுக்கு. "வகுத்துப் பாருடா" என்றேன். தலைக்கு மாதம் நூறு டாலர் சொச்சம், நம்ம காசில் ஒன்பதாயிரம் பக்கம். அதுவும் சராசரிதான். மேலே நாலு பேர் அள்ளினால் கீழே இருப்பவனுக்கு அதுவும் கிடையாது. உரிமையாளருக்கு அந்த வருடம் போன லாபப்பங்கு மட்டும் 70 கோடி டாலர்!

ஆபத்து தூர தேசத்திலும் இல்லை. 2022-இல் கேரளாவிலேயே ஓர் இளைஞர் போலீசில் புகார் கொடுத்தார். வெப் சீரிஸ் வாய்ப்பு என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, ஆபாசப் படத்தில் நடிக்க மிரட்டினார்கள் என்று. அதை வெளியிட்ட யெஸ்மா தளத்தை 2024 மார்ச்சில் மத்திய அரசு முடக்கியது. தளம் போச்சு, ஒருமுறை வெளியே வந்த படம் போகுமா? போதாததற்கு, இப்படிப்பட்ட படத்தை இணையத்தில் போட்டால் ஐடி சட்டம் 67ஏ பிரிவில் முதல் முறையே 5 வருடம் வரை சிறை, 10 லட்சம் வரை அபராதம்.

சரி, இணையத்தை மட்டும் திட்டினால் போதுமா? ஃபோர்ட் கொச்சி தோபி கானாவில் நம் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கிறார்கள். அந்தப் பக்கம் போகும்போது பிள்ளையிடம் என்ன சொல்கிறோம்? "படிக்கலேன்னா இந்த கதிதான்." கல்யாண வீட்டில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி "பேக்கேஜ் எவ்ளோ?" உழைப்பு கேவலம், காசுதான் மனுஷன் என்று அவனுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது நாம்தானே! ரீல்ஸ்காரன் அதையே கொஞ்சம் அழகாகச் சொல்கிறான், அவ்வளவுதான்.

வகுத்து முடித்த பையன் கேட்டான்: "அப்போ மத்த காசெல்லாம் யாருக்குப் போகுது மாமா?"

அப்பாடா, கேட்டானே!

அடுத்த ஞாயிறு அவனைத் தோபி கானாவுக்குக் கூட்டிப் போகிறேன். அவன் அப்பாவும் வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். பாடம் அவருக்கும்தான்.