சூடாக அளந்து கையெழுத்திடும் வழக்கம் ஒழியட்டும்

அச்சிலிருந்து விழுந்த பிளாஸ்டிக் பாகத்தைச் சூடு ஆறுவதற்குள் வெர்னியரில் அளக்கிறார்கள். அளவு சரி என்று எழுதுகிறார்கள். கையெழுத்திட்டு, பெட்டியில் அடைத்து, லாரியில் ஏற்றுகிறார்கள். சில நாள்களில் மூடி இறுகவில்லை. கியர் சிக்குகிறது. குழாய் இணைப்பு கசிகிறது. இன்ஜெக்‌ஷன் மோல்டிங் கூடங்களில் ஆண்டுக்கணக்கில் தொடரும் அலட்சியம் இது.

“பிளாஸ்டிக் என்றால் கொஞ்சம் சுருங்கத்தான் செய்யும்” என்பது இவர்களின் வழக்கமான பதில். இந்தப் பதிலை இனி எவரும் ஏற்கக் கூடாது. ஏபிஎஸ் வகைப் பிளாஸ்டிக் ஏறத்தாழ அரை சதவீதம் சுருங்கும். அசிட்டால் வகை சுமார் 2 சதவீதம் சுருங்கும். 100 மில்லிமீட்டருக்கு 2 மில்லிமீட்டர். மூலப்பொருள் தரும் நிறுவனத்தின் தாளிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. தெரிந்த சுருக்கம் விபத்து ஆகாது. தெரிந்தும் தடுக்காதது குற்றம்.

சூடான அசிட்டால் பாகத்தை அளப்பதில் என்ன பயன்? அறை வெப்பத்தைவிட 50 டிகிரி கூடுதல் சூட்டில், 100 மில்லிமீட்டர் நீளம் அரை மில்லிமீட்டருக்கு மேல் கூடுதலாகக் காட்டும். வரைபடம் அனுமதிக்கும் விலகலோ பல வேளைகளில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இராது. சுருக்கத்தை அளப்பதற்கான பன்னாட்டுத் தரநெறி, பாகத்தை 23 டிகிரியில் 16 முதல் 24 மணி நேரம் வைத்த பிறகே அளக்கச் சொல்கிறது. நம் கூடங்களில் 16 நிமிடம்கூடப் பொறுப்பதில்லை.

அளப்பதில் மட்டுமா அவசரம்? ஒரு பாகத்தை வார்த்தெடுக்கும் சைக்கிள் டைமில் இரண்டு விநாடி மிச்சம் பிடிக்க, ஆறும் நேரத்தை வெட்டுகிறார்கள். பொருள் அச்சுக்குள் நுழையும் வாயிலான கேட் உறையும் முன்பே, அதை உள்ளே அழுத்திப் பிடிக்கும் ஹோல்டிங் பிரஷரை எடுத்துவிடுகிறார்கள். உருகிய பொருள் பின்வாங்குகிறது. பாகம் குழிகிறது, சுருங்குகிறது. ஹோல்டிங் நேரத்தைப் படிப்படியாகக் கூட்டி, எடை ஏறுவது எங்கே நிற்கிறது என்று பார்த்தால் கேட் உறையும் நேரம் தெரிந்துவிடும். அதற்கு ஒரு தராசும் ஒரு மணி நேரமும் போதும். அதைக்கூடச் செய்வதில்லை.

அசிட்டாலுக்கு அச்சின் சூடு 90 டிகிரி அளவில் இருக்க வேண்டும். இவர்கள் தொட்டித் தண்ணீரைச் சுற்றவிட்டு வேலையை முடிக்கிறார்கள். குளிர்ந்த அச்சில் பொருளின் படிக அமைப்பு முழுமை பெறுவதில்லை. கூடத்தில் சரியாக இருந்த அளவு, பின்னர் வாகன இன்ஜின் அருகே சூடேறும்போது மீண்டும் சுருங்குகிறது. பழுது வாடிக்கையாளர் கையில் வெடிக்கிறது.

நைலானின் கதை இன்னும் மோசம். அச்சிலிருந்து உலர்ந்து வரும் நைலான் 6, சாதாரண அறைக் காற்றிலேயே எடையில் சுமார் 3 சதவீத ஈரத்தை இழுத்துக்கொண்டு பெருக்கிறது. கடலோரச் சென்னையின் காற்றில் இதைக் கணக்கில் எடுக்காத பொறியாளர் எதைக் கணக்கில் எடுப்பார்? கண்ணாடி இழை கலந்த ரகமோ இழை ஓடும் திசையில் குறைவாகவும் குறுக்கே கூடுதலாகவும் சுருங்கும். கேட்டைத் தவறான இடத்தில் வைத்தால் பாகம் கோணும். கோணிய பாகத்தைப் பிறகு எந்த அழுத்தமும் நிமிர்த்தாது.

விளைவு சிறியதல்ல. சிரிஞ்சும் ஊசியும் சேரும் லூயர் இணைப்பு 6 சதவீதச் சாய்வு கொண்ட கூம்பு. அதில் அளவு பிசகினால் நோயாளியின் மருந்து கசியும்.

குற்றம் சாட்டப்படுபவர் மட்டும் எப்போதும் மெஷின் ஆபரேட்டர். சம்பளம் பிடிக்கப்படுவதும் அவருக்குத்தான். இது அநியாயம். சைக்கிள் டைமை வெட்டச் சொன்னவர் முதலாளி. விலையைப் பைசா பைசாவாக நசுக்கி, சொல்லாமல் மூலப்பொருளின் ரகத்தை மாற்ற வைத்தவர் வாங்கும் நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரி. உலோகத்துக்கு உரிய விலகலைப் பிளாஸ்டிக் வரைபடத்தில் அப்படியே எழுதியவர் வடிவமைப்பாளர். சூடான பாகத்துக்குக் கையெழுத்திட்டவர் தர அதிகாரி. இந்த நால்வரும் பதில் சொல்ல வேண்டும்.

அறிவு இல்லை என்றும் சொல்ல முடியாது. கிண்டியில் பிளாஸ்டிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் சிப்பெட் நிறுவனம் 1968 முதல் இருக்கிறது. அங்கே படித்தவர்கள் இந்தக் கூடங்களிலேயே வேலை செய்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்க மேலாளர்களுக்கு மனமில்லை.

திருத்தம் உடனே தொடங்க வேண்டும். ஆறாத பாகத்தின் அளவைக் கொண்டு எந்தச் சரக்கும் வெளியேறக் கூடாது. ஒவ்வொரு அச்சுக்கும் கேட் உறையும் நேரமும் அச்சுச் சூடும் எழுத்தில் இருக்க வேண்டும். நைலானின் அளவை எந்த ஈர நிலையில் எடுப்பது என்பதை வரைபடமே சொல்ல வேண்டும். ரகம் மாறினால் சோதனை முதலிலிருந்து நடக்க வேண்டும். வாங்குவோர் இந்தப் பதிவுகளைக் கேட்க வேண்டும். பதிவு இல்லாத சரக்கைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

அளவுத் தாளில் கையெழுத்திடுபவர் அந்த அளவுக்குப் பொறுப்பேற்கிறார். பொறுப்பேற்க முடியாதவர் பேனாவைத் தொட வேண்டாம்.