காவலர் சாவுக்கும் விசாரணை வேண்டும்

ஆண்டுதோறும் அக்டோபர் 21 காலையில் நாடெங்கும் காவலர் வீரவணக்க நாள் நடக்கிறது. 1959-இல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படையால் கொல்லப்பட்ட 10 மத்திய ரிசர்வ் போலீஸாரின் நினைவாக வந்த நாள் அது. ரைபிள்களைக் கவிழ்த்துப் பிடித்து நிற்பார்கள். அந்த ஓராண்டில் பணியில் உயிர்விட்டவர்களின் பெயர்களை ஓர் அதிகாரி வாசிப்பார். அவர்கள் எப்படிச் செத்தார்கள், ஏன் காப்பாற்ற முடியவில்லை என்பதை யாரும் வாசிப்பதில்லை. அதையும் வாசிக்க வேண்டும் என்கிறோம்.

திருச்சி நவல்பட்டு காவல் நிலையத்தின் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதனை எடுத்துக்கொள்வோம். 2021 நவம்பர் 21, விடியாத நேரம். ஆடு திருடிக்கொண்டு பைக்கில் போனவர்களை அவரும் பைக்கிலேயே துரத்தினார். மாவட்ட எல்லை தாண்டி, புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே பள்ளத்துப்பட்டி ரயில்வே சுரங்கப்பாதைப் பக்கம் மடக்கிப் பிடித்தும்விட்டார். அந்த இடத்தில் அவர் தனி ஆள். வெட்டிக் கொன்றார்கள். முதலமைச்சர் ஸ்டாலின் குடும்பத்துக்கு 1 கோடி ரூபாய் அறிவித்தார். இரவு ரோந்துக்குத் துப்பாக்கியோடு போங்கள், உயிருக்கு ஆபத்தென்றால் பயன்படுத்தத் தயங்காதீர்கள் என்று அன்றைய டி.ஜி.பி. சைலேந்திர பாபு காவலர்களுக்குச் சொன்னார். சொன்னது நியாயமே. ஆனால் அதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டு முன்பே, 2020 ஜனவரி 8-இல், களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சனைச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். 2018 மே மாதம் நாங்குநேரி பக்கம் மணல் கொள்ளையைத் தடுக்கப்போன காவலர் ஜெகதீஷ் துரை கொல்லப்பட்டார். நம் கர்நாடகத்தில், 2023 ஜூனில், கலபுரகி மாவட்டம் நெலோகி காவல் நிலையத் தலைமைக் காவலர் மீது மணல் டிராக்டரை ஏற்றிக் கொன்றார்கள்.

ஒவ்வொரு வழக்கிலும் கொன்றவர் யார் என்று போலீஸ் தேடுகிறது, பெரும்பாலும் பிடித்தும்விடுகிறது. செத்த காவலரை அந்த நேரத்தில் போதிய துணையின்றி நிற்கவிட்டது யார் என்ற கேள்வி குற்றப்பத்திரிகையில் வராது. மணல் டிராக்டர் அந்த வழியில் எத்தனை நாளாக ஓடியது, யார் தயவில் ஓடியது என்பதும் வராது.

கோலார் தங்கவயல்காரர்களுக்கு இது நன்றாகப் புரியும். சுரங்கத்தில் ஒரு தொழிலாளி செத்தால், 1952-ஆம் ஆண்டு சுரங்கச் சட்டப்படி நிர்வாகம் தகவல் தர வேண்டியிருந்தது; அதிகாரி 2 மாதத்துக்குள் விசாரித்தாக வேண்டியிருந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறை வெடித்து ஆட்கள் நசுங்கியபோது, தலைவிதி என்று மட்டும் எழுதிவைக்கவில்லை. எந்த ஆழம், எந்த முகப்பு, என்ன முட்டு என்று பதிந்தார்கள். மர முட்டு தாங்காது என்று கண்டு கருங்கல் அடுக்குக்கும் பிறகு கான்கிரீட்டுக்கும் மாறினார்கள். பாறை இயக்கவியலுக்கென்றே ஒரு தேசிய நிறுவனம் 1988-இல் இந்த ஊரில் அமைந்தது. சாவு நின்றுவிடவில்லை; நம் வீட்டுச் சுவர்களில் மாட்டிய படங்களே சாட்சி. ஆனாலும் 2001-இல் சுரங்கம் மூடும்வரை, ஏன் செத்தான் என்று கேட்கும் கடமை சட்டத்தில் இருந்தது. அதே கடமை காக்கிச் சட்டைக்காரனுக்கும் வேண்டும்.

ரகசியம் வெளியாகும், படையின் மனஉறுதி குலையும் என்பார்கள். உளவாளியின் பெயரை மறைத்துவிட்டு மீதியை வெளியிடலாமே! மனஉறுதியைக் குலைப்பது உண்மை அல்ல, சந்தேகம். சென்னை மதுரவாயல் ஆய்வாளர் பெரியபாண்டியன் 2017 டிசம்பரில் ராஜஸ்தானில் கொள்ளையரைப் பிடிக்கப்போன இடத்தில் இறந்தார். முதலில் கொள்ளையர் சுட்டதாகச் சொன்னார்கள். உடன் சென்றவரின் துப்பாக்கிக் குண்டு என்று பிறகு சொன்னது ராஜஸ்தான் போலீஸ்.

சாத்தான்குளத்தில் போலீஸ் சித்திரவதையால் நேர்ந்த சாவுகளை மறந்துவிட்டு இதைப் பேசவில்லை. லாக்கப்பில் செத்தவனுக்கு நீதித்துறை நடுவர் விசாரணை கேட்கும் அதே வாயால்தான் இதையும் கேட்கிறோம்.

டெல்லி சாணக்கியபுரியில் 2018-இல் திறந்த தேசியக் காவலர் நினைவிடத்தில் 34 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களைச் செதுக்கினார்கள். பெயர் செதுக்கக் கல் இருக்கிறது, காரணம் எழுத இரண்டு தாள் இல்லையா? பணியில் காவலர் கொல்லப்பட்டால் காவல்துறைக்கு வெளியே உள்ள ஒருவர் 2 மாதத்துக்குள் விசாரித்து, அறிக்கையைச் சட்டமன்றத்தில் வைக்கும்படி கர்நாடக அரசு சட்டம் கொண்டுவரட்டும். அடுத்த பெலகாவி கூட்டத்தொடரில் நெலோகியிலிருந்தே தொடங்கலாம். தங்கவயல் சட்டமன்ற உறுப்பினர் முதல் ஆளாக எழுந்து இதைக் கேட்க வேண்டும்.