"ரேம் போச்சு சார்"னு சொல்றதுக்கு முன்னாடி...

புது மதர்போர்டு, புது ரேம். ரெண்டும் நல்ல சாமான்தான். ஆனா ஒண்ணா மாட்டினா பொட்டி உயிர் வரமாட்டேங்குது. ஃபேன் சுத்துது, கலர் கலரா லைட் எரியுது, திரை மட்டும் கும்மிருட்டு. போர்டு ஓரத்துல 'டிராம்'னு எழுதின குட்டி விளக்கு மட்டும் நம்மளைப் பாத்து முழிக்குது. இதுக்குன்னே நம்மூர்ல ஒரு தீர்ப்பு ரெடியா இருக்கு: "ரேம் போச்சு சார், மாத்திடுங்க".

என்னைக் கேட்டா, இந்தத் தீர்ப்பு பல நேரம் தப்பு மக்களே. ரேமும் போகல, போர்டும் போகல. பெட்டி மேல போட்டிருக்கிற நம்பர்தான் பாதி உண்மை.

ரேம் பெட்டியில 6000னு கொட்டை எழுத்துல இருக்கும். அது அந்த ரேமோட இயல்பான வேகம்னுதானே நினைப்போம்? கிடையாது. புதுசா மாட்டினா அது 4800லயோ 5600லயோதான் ஓடும். ஜெடெக்னு ஒரு தரநிர்ணய அமைப்பு 2020ல டிடிஆர்5க்கு விதி எழுதிச்சு, அதுப்படி மின்னழுத்தம் 1.1 வோல்ட். அந்த 6000ஐத் தொடணும்னா பயாஸ்ல போய் எக்ஸ்எம்பி இல்லன்னா எக்ஸ்போங்கிற செட்டிங்கைப் போடணும். அப்ப பெரும்பாலும் 1.35 வோல்ட் வரைக்கும் போகும். இதுக்குப் பேரு ஓவர்க்ளாக்கிங். அதை மட்டும் பெட்டியில பெருசா எழுத மாட்டாங்க!

சரி, ஓடலைன்னா யாரைக் கேக்குறது? அங்கதான் சுத்தல்ல விடுவாங்க. ரேமோட பேசுற கன்ட்ரோலர் இப்ப போர்டுல இல்ல, பிராசசருக்குள்ள இருக்கு (டெஸ்க்டாப்புல ஏஎம்டி 2003லயும் இன்டெல் 2008லயும் உள்ள கொண்டு போயிட்டாங்க). ஆக இந்தப் பஞ்சாயத்துல மூணு பேரு. ரேம்காரர் "போர்டைப் பாருங்க"ம்பார். போர்டுக்காரர் "எங்க பட்டியல்ல உங்க ரேம் இல்லையே"ம்பார். பிராசசர்காரர் பொடி எழுத்துல "ஓவர்க்ளாக் பண்ணினா வாரண்டி போகலாம்"னு ஏற்கனவே எழுதி வச்சிருப்பார். காசு கொடுத்தவன் நடுவுல நிக்கணும்.

என் ஆபீஸ் நண்பர் ஒருத்தர் வீடியோ எடிட்டிங்குக்காகப் பொட்டி சேத்தார். ரெண்டு குச்சி ரேம் அருமையா ஓடிச்சு. ஆறு மாசம் கழிச்சு அதே கம்பெனி, அதே மாடல்ல இன்னும் ரெண்டு வாங்கி நாலா மாட்டினார். அவ்வளவுதான், படுத்துடுச்சு. கடையில ரெண்டு தடவை ரேமை மாத்திக் குடுத்தாங்க, மூணாவது தடவை "போர்டுதான் கோளாறு"ன்னாங்க. கடைசியில பயாஸ்ல வேகத்தைக் குறைச்சதும் நாலும் சமத்தா ஓடிச்சு. கெட்டுப்போன சாமான்னு அதுல எதுவுமே இல்ல!

ஏன் இப்படி? பேரு ஒண்ணா இருந்தாலும் உள்ள இருக்கிற சில்லு சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான்னு மாறி மாறி வரும். அது போக, குச்சி கூடக் கூட கன்ட்ரோலருக்குச் சுமை. ரைசன் 7000க்கு ஏஎம்டி அறிவிச்ச வேகமே ரெண்டு குச்சிக்கு 5200, நாலு குச்சிக்கு 3600. எவ்வளவு வித்தியாசம் பாருங்க. இதை எந்த ரேம் பெட்டியிலயாவது பாத்திருக்கீங்களா?

"அந்த செட்டிங்கை எல்லாரும்தான் போடுறாங்க, என்ன ஆயிடும்?"னு கேக்கலாம். 2023 ஏப்ரல்ல ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசசர் சிலது கருகின படங்கள் வெளியாச்சு. எக்ஸ்போ போட்டா சில போர்டுகள் எஸ்ஓசி மின்னழுத்தத்தையும் ஏத்தி விட்டதுதான் பிரச்சினைன்னு பேச்சு வந்து, ஏஎம்டி புது பயாஸ் மூலமா அதுக்கு 1.3 வோல்ட்னு உச்சவரம்பு போட்டுச்சு. ஒரே கிளிக்குதான், ஆனா விளையாட்டு இல்ல.

கம்பெனி பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கு. ஆயிரம் மாதிரி போர்டு, ஒவ்வொண்ணுலயும் செம்புக் கம்பி போற வழி வேற. எல்லாத்துலயும் 6000 ஓடும்னு யாராலயும் உத்தரவாதம் தர முடியாது. சரி சாமி, அப்ப அதைச் சொல்லி விக்கலாமே? நிச்சயமா ஓடுற நம்பரைப் பெருசா, ஓடக்கூடிய நம்பரைச் சின்னதா போட்டா போதும். கடைக்காரரும் பில் போடுறதுக்கு முன்னாடி போர்டு கம்பெனியோட க்யூவிஎல் பட்டியல்ல அந்த ரேமோட முழு மாடல் நம்பர் இருக்கான்னு ரெண்டு நிமிஷம் பாக்கலாம். ஏஐ புண்ணியத்துல 2025 கடைசியில ரேம் விலை எகிறினதுக்கு அப்புறமும் "மாத்திடுங்க"ன்னு அசால்ட்டா சொல்றது அடுக்குமா?

அதுவரைக்கும் நம்ம கையில இருக்கிறது:

1. முதல் தடவை ஆன் பண்ணினா பொறுமையா இருங்க. டிடிஆர்5 தன்னைத்தானே பழக்கிக்க சில நிமிஷம் எடுக்கும். இருட்டைப் பாத்துப் பயந்து பாதியில அணைக்காதீங்க.
2. ஒரே ஒரு குச்சியை மட்டும் மாட்டிப் பாருங்க. நாலு ஸ்லாட் போர்டுல பெரும்பாலும் பிராசசர்ல இருந்து ரெண்டாவது ஸ்லாட், ஏ2. ரெண்டு குச்சின்னா ரெண்டாவதும் நாலாவதும்.
3. சீமாஸை அழிச்சுட்டு பயாஸைப் புதுசாக்குங்க. பொட்டி உயிர் வராமலே பென்டிரைவ் மூலமா இதைச் செய்ய பல போர்டுல தனி பட்டனே இருக்கு.
4. எக்ஸ்எம்பி, எக்ஸ்போ எதுவும் இல்லாம ஓட்டுங்க. அப்ப ஓடினா ரேம் நல்லாத்தான் இருக்கு. வேகத்தைப் படிப்படியா ஏத்துங்க.
5. மெம்டெஸ்ட்86+ போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்க. ஒரே ஒரு எரர் வந்தாலும் ஒரு படி இறங்கிடுங்க.

அஞ்சாவதுதான் முக்கியம். பூட்டே ஆகாத பொட்டி உங்களை ஏமாத்தாது. அரைகுறையா ஓடுற பொட்டிதான் ஆபத்து. ஒரு பிட் புரண்டா எரர் எதுவும் காட்டாம குழந்தை போட்டோவையோ கணக்கு ஃபைலையோ கெடுத்து வச்சிடும். கெட்டுப்போன ஃபைலையே நாமளும் பத்திரமா பேக்கப் எடுத்து வச்சிருப்போம்! டிடிஆர்5 சில்லுக்குள்ளேயே பிழைதிருத்தம் இருக்கேன்னு நம்பாதீங்க. அது சில்லுக்குள்ள நடக்கிற தப்பைத்தான் பாக்கும். சில்லுக்கும் பிராசசருக்கும் நடுவுல, வழியில நடக்கிறது அதுக்குத் தெரியாது. வேகத்தைக் கூட்டினா தப்பு நடக்கிறதே அந்த வழியிலதான்.

கேம் ஆடுறவங்களுக்கு 6000 உபயோகப்படும், மறுக்கல. என்னை மாதிரி நாள் முழுக்க ஆணி புடுங்குறவனுக்கு 5200ல குறை ஒண்ணும் தெரியல. சோதிச்சுப் பாத்த 5200, சோதிக்காத 6000ஐ விட எவ்வளவோ மேல்.

டிஸ்கி: ரேமைக் கழட்டி ரப்பர் வச்சுத் தேய்க்கிற பாரம்பரிய வைத்தியம் பழைய பொட்டிக்கு. புது பொட்டியில போய்த் தேய்க்காதீங்க, புண்ணியமாப் போகும் :)