புகையைப் பனி என்பதோ?

கலைக்கு அழகன்றி வேறு கடமை இல்லை என்பார் ஒரு சாரார். அவர்கள் விரும்பி எடுத்துக்காட்டுவனவற்றுள் ஒன்று, ஒளியும் நிழலும் ஒன்றோடொன்று கலந்து மங்கிய மலைக்காட்சி ஒளிப்படம். யோர்தானின் வாடி ரம், எகிப்தின் சினாய் போன்ற பாலைநில மலைகளில் எடுக்கப்பட்ட இத்தகைய படங்கள் உலகெங்கும் பாராட்டப் பெறுகின்றன. அண்மையிலுள்ள மலை சாம்பல் நிறமாகவும், அதன் பின்னுள்ளது அதனினும் வெளிறியும், அதற்கும் பின்னுள்ளது வானோடு வானாகவும் தோன்ற, அடுக்கடுக்காய் விரியும் அக்காட்சியில் கறுப்பும் இல்லை, வெள்ளையும் இல்லை. காண்போர் உள்ளத்தில் தனிமையும் அமைதியும் படர்கின்றன.

அப்படங்களைக் குறைகூற வேண்டுவதில்லை. காற்று எழுப்பும் புழுதி பாலைவனத்துக்கு இயல்பானது. கதிரவன் சாய்ந்திருக்கும் வேளைக்காகக் காத்திருந்து, தொலைவை அருகிழுக்கும் வில்லையால் மலையடுக்குகளை நெருக்கிக் காட்டும் கலைஞன் அங்கே உள்ளதைத்தான் காட்டுகிறான். வழக்கு அவன்மேல் அன்று. அவன் பாணியை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து கிள்ளான் பள்ளத்தாக்கில் ஊன்றுவோர் மேல்தான்.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி ஒன்றின் மேல்தளத்திலிருந்து பார்த்தால், வானம் தெளிந்த நாளில், வடகிழக்கே திதிவங்சா மலைத்தொடர் நீலமாய்த் தெரியும். வேறு சில நாள்களில் மலைத்தொடர் முழுவதுமாய் மறைந்து, கோபுரங்கள் கால் இல்லாமல் மிதப்பன போல் நிற்கும். பத்துமலையின் சுண்ணாம்புக் குன்று, 272 படிகளும் அவற்றின் அடியில் நிற்கும் முருகன் சிலையும் உட்பட, வெளிறிய நிழலாகிவிடும். ஒளிப்படக் கருவியைத் தூக்கிக்கொண்டு பலர் புறப்படுவது அந்த நாள்களில்தான். அப்படங்கள் சமூக ஊடகங்களிலும் வாழ்த்து அட்டைகளிலும் கவிதை நூல்களின் அட்டைகளிலும் உலவுகின்றன. கீழே எழுதப்படும் சொற்கள் பெரும்பாலும் பனி, மூடுபனி, மோனம், கனவு என்பனவாகவே இருக்கின்றன. ஊரும் நாளும் எழுதப்படுவது அரிது. காரணமோ எழுதப்படுவதே இல்லை.

அது பனி அன்று. கடல்மூட்டமும் அன்று. சுமத்திராவிலும் கலிமந்தானிலும், மக்கிய தழைகள் பல அடி ஆழம் படிந்த சதுப்பு நிலம் வடிகால் வெட்டி உலர்த்தப்பட்டு, தோட்டப் பயிருக்காகத் தீயிடப்படும்போது எழும் புகை அது. மேலே அணைந்தது போலிருந்தாலும் மண்ணுக்கடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். சூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குக் காற்று அப்புகையை மலாக்கா நீரிணைக்கு இப்பால் கொண்டுவந்து கொட்டுகிறது. படத்தில் கறுப்பு வெளிறுவதற்கும் அதுவே காரணம். தொலைவிலுள்ள மலையிலிருந்து வரும் ஒளியை நுண்துகள்கள் வழியிலேயே சிதறடிக்கின்றன. கதிரவனின் ஒளியையும் அவை இடையில் பரப்பிக் கண்ணுக்குள் செலுத்துகின்றன. ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவுள்ள இத்துகள்களே நுரையீரலின் அடியாழம் வரை செல்லவும் வல்லவை. படத்துக்கு மென்மை தருவதும் குழந்தைக்கு மூச்சிரைப்பு தருவதும் ஒரே பொருள்.

1997-இல் இப்புகை பல வாரம் நாட்டை மூடியது. சரவாக்கில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில், பல்கலைக்கழக அறிஞர்கள் புகைமூட்டம் பற்றிப் பொதுவில் பேசலாகாது என்று அரசு கட்டுப்பாடு விதித்தது. பின்னர், சுற்றுப்பயணிகள் அஞ்சிவிடுவர் என்று கருதி, காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டின் எண்களே சில ஆண்டுகள் மக்களுக்கு அறிவிக்கப்படாமல் வைக்கப்பட்டன. 2005 ஆகஸ்டு 11-ஆம் நாள் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் குறியீடு 500-ஐக் கடந்து நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டபோதுதான் எண்கள் மீண்டும் வெளிவந்தன. குறியீடு 100-ஐத் தாண்டினாலே காற்று நலக்கேடானது என்பது கணக்கு. 300-ஐத் தாண்டினால் பேரிடர். 2013 சூன் 23-இல் மூவாரில் அது 746-ஐத் தொட்டது. 2019 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கின் பள்ளிகள் மூடப்பட்டன.

எண்ணை மறைத்தவர் செய்ததற்கும், காரணத்தை மறைத்து அழகை மட்டும் காட்டுபவர் செய்வதற்கும் என்ன வேறுபாடு? முன்னவர் அச்சத்தால் மறைத்தார். பின்னவர் இரசனையால் மறைக்கிறார். முன்னவரையாவது செய்தியாளர் கேள்வி கேட்டனர். பின்னவருக்குக் கிடைப்பது பாராட்டு.

ஈண்டு ஓவிய மேதை மோனேயைத் துணைக்கழைப்போர் உண்டு. 1899 முதல் 1901 வரை அவர் லண்டனில் தங்கி, தேம்சு ஆற்றையும் நாடாளுமன்றக் கட்டடத்தையும் மங்கலின் ஊடே பலமுறை வரைந்தார். அம்மங்கலுக்காகவே அந்நகரை விரும்பியவர் அவர். அதுவும் நிலக்கரிப் புகைதானே, அவரை எவரும் குற்றஞ்சாட்டவில்லையே என்பர். மெய்தான். ஆனால் அதே லண்டனில் 1952 திசம்பரில் ஐந்து நாள் கவிந்த புகையால் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டதாக அன்று கணக்கிடப்பட்டது. பிற்கால ஆய்வு அதனை 12,000 வரை உயர்த்தியது. 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. மோனேயின் காலத்தில் அப்புகை செய்யும் தீங்கு முழுமையாக அளக்கப்படவில்லை. இன்று அளக்கப்பட்டுவிட்டது. 2015-ஆம் ஆண்டுப் புகையால் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றிலுமாக ஏறத்தாழ ஓரிலட்சம் பேர் காலத்துக்கு முன்னரே இறந்திருக்கக்கூடும் என்று 2016-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணித்தனர். அரசுத் தரப்பில் மறுப்பு எழுந்தது. எண்ணிக்கை பற்றி வாதிடலாம். புகை தீங்கற்றது என்று வாதிட எவருமில்லை. அறியாமல் வரைந்தவரின் நிழலில் அறிந்தவர் ஒதுங்குவது முறையாகாது.

தமிழாசிரியர்க்கு இதில் தனியே ஒரு பொறுப்பு உண்டு. மலாயில் ஜெரெபு எனப்படுவதற்குத் தமிழில் புகைமூட்டம் என்ற பிழையற்ற சொல் இருக்கிறது. நாளிதழும் வானொலியும் அதனை ஆள்கின்றன. கவிதையும் படத்தலைப்பும் மட்டும் பனிக்குத் தாவுகின்றன. தூய தமிழன்பர் சிலர் புகைப்படம் என்ற சொல்லைக் கடிந்து, நிழற்படம் என்றும் ஒளிப்படம் என்றும் திருத்தினர். அச்சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான பயன்பாடு இனி வாய்க்காது என்று நகைப்பதும் எளிது. நகைப்போடு விட்டுவிடலாகாது. பனி என்று எழுதும் மாணவன் பிழையாக எழுதுகிறான். அது இலக்கணப் பிழையன்று, பொருட்பிழை. கட்டுரை ஏட்டில் சிவப்பு மை படவேண்டிய இடம் அது.

பழந்தமிழர் பாலையை எவ்வாறு வகுத்தனர் என்பதும் இங்கே எண்ணத் தக்கது. பாலைக்கென்று தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் வேனில் வெம்மையால் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. பாலைத் திணையில் பிரிவுத் துயரும் நெடுவழியும் எவ்வளவு மங்கலாகத் தோன்றினும், நிலம் ஏன் திரிந்தது என்பதைக் கவிஞர் மறைக்கவில்லை. கதிரவனின் வெம்மை அங்கே சொல்லப்பட்டுவிடுகிறது. பத்துமலைக் குன்றைப் பாலைவன மலைபோலக் காட்டும் படமும் திரிந்த நிலத்தின் படமே. அதைத் திரித்தது எது என்பதை மட்டும் படம் சொல்வதில்லை.

தீயிட்டவர் அண்டை நாட்டார், இதில் தமிழனுக்கென்ன என்று கேட்பதும் பொருந்தாது. சிலாங்கூரின் இரப்பர் தோட்டங்களுக்காகக் காட்டை வெட்டி எரித்த கைகளுள் தமிழர் கைகளும் இருந்தன. அக்கைகளுக்குக் கூலி கிடைத்தது, நிலம் கிடைக்கவில்லை. 2019-இல் இந்தோனேசிய அதிகாரிகள் முத்திரையிட்ட தோட்டங்களுள் மலேசிய நிறுவனங்களின் கிளைகளுக்கு உரியனவும் இருந்தன. செம்பனை எண்ணெயில் பொரித்த வடையைத் தின்றுகொண்டே அண்டைநாட்டு நெருப்பைத் தூற்றுவது அரைகுறை வாதம்.

அப்படியாயின் புகை நாளில் படமெடுக்கவே கூடாதா? எடுக்க வேண்டும் என்பதற்கே பாலைநிலத்திலிருந்து ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் தொலைமலைகளும் மங்கலாகத் தெரிந்து வந்தன. பலர் அதனைப் பாலையின் இயல்பு என்றே கொண்டனர். 1977-இல் தேசியப் பூங்காக்களின் காட்சித் தெளிவைக் காப்பது அந்நாட்டுச் சட்டத்தின் நோக்கமாயிற்று. பூங்காக்களில் கருவிகள் நிறுத்தப்பட்டு, ஒரே இடத்திலிருந்து ஒரே மலை நாள்தோறும் குறித்த வேளைகளில் படமெடுக்கப்பட்டது. காற்றிலுள்ள துகள்களும் அளக்கப்பட்டன. குளிர்கால மங்கலுக்கு நவஹோ நிலக்கரி மின்நிலையத்தின் கந்தகப் புகையும் காரணம் என்பது 1987-இல் நடந்த ஆய்வில் புலப்பட்டது. 1991-இல் புகைவடிப்பான்கள் பொருத்த ஆணையிடப்பட்டது. 2019 நவம்பரில் அம்மின்நிலையமே மூடப்பட்டது. அங்கே எடுத்த படங்களும் மங்கியவைதாம், அடுக்கடுக்கான சாம்பல் மலைகள்தாம். ஆனால் ஒவ்வொன்றோடும் இடமும் நாளும் மணியும் இருந்தன. பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தெளிந்த நாளின் படமும் இருந்தது.

இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. கிள்ளானிலோ காப்பாரிலோ உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியின் மாடிச் சன்னலும், ஆசிரியர் கையிலுள்ள கைப்பேசியும் போதும். ஒரே சன்னல், காலை எட்டு மணி, ஆண்டு முழுவதும். தலைப்பு எழுதும் பொறுப்பு மாணவருடையது: ஊர், நாள், மணி, அன்றைய குறியீட்டு எண், எந்தக் கட்டடம் வரை கண்ணுக்குத் தெரிந்தது என்பது. புகை சூழ்ந்த நாளாயின் புகைமூட்டம் என்றே எழுதட்டும். மெய்யாகவே மழைக்குப்பின் பனி இறங்கிய காலையாயின் பனி என்று எழுதட்டும். இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டிவைத்த பின், எது அழகு என்ற கேள்வியை வகுப்பில் எழுப்பலாம்.