பண்டை எலும்புகள் புகட்டும் பாடம்

கிணறு தோண்டுங்கால் முதுமக்கள் தாழி வெளிப்படுவது தென்பாண்டி நாட்டில் புதுமையன்று. பொன் இருக்குமோ என்று அதை உடைத்துப் பார்த்துவிட்டு, உள்ளிருக்கும் எலும்புகளை வரப்போரம் எறிந்துவிடுவோர் உண்டு. இவ்வழக்கத்தை நம் அங்கத்தினர்கள் அறவே கைவிடவேண்டும் என்பது நமது கருத்து. பொன்னினும் அரிய செய்தி அவ்வெலும்புகளில் உள்ளது.

முதுகெலும்பையே எடுத்துக்கொள்வோம். பிறவிக் கூனையும் தண்டுவடப் பிளவையும் தலைவிதி என்றும் முன்வினை என்றும் கூறித் தாயைப் பழிப்போர் இன்றும் உளர். எலும்புகளோ வேறு காரணம் கூறுகின்றன.

பஹ்ரைன் தீவில் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்லறைகளில், கணுக்கள் இறுகிப்போன முதுகெலும்புகள் காணப்பட்டன. குடிநீரில் மிகுந்திருந்த புளோரைடே அதற்குக் காரணம் என அறிஞர் கண்டனர். அந்நாளைய சென்னை மாகாணத்து நெல்லூர் ஜில்லாவிலும் இதே நோயை மருத்துவர்கள் 1937இல் எடுத்துக்காட்டினர். நாடு வேறு, காலம் வேறு. கேடு விளைத்தது நீரே.

கருவிலேயே நேரும் பிளவுக்குப் பரம்பரையும் ஒரு காரணமே. எனினும் தாயின் உணவுக்கும் அதிற் பெரும் பங்குண்டு. முன்னர் இக்குறையுள்ள மகவைப் பெற்ற தாய்மார் கருவுறுமுன்பே போலிக் அமிலம் உட்கொண்டால், அடுத்த மகவுக்கு அக்குறை நேர்வது நான்கில் மூன்று பங்கு குறைகிறது என 1991இல் பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் மெய்ப்பித்தது. தண்டுவடம் மூடுவது கருவுற்ற முதல் நான்கு வாரங்களுக்குள். தாய் தான் கருவுற்றதை அறியுமுன்பே காலம் கடந்துவிடக்கூடும்!

ஆகவே தேவதானம் வட்டார நெசவாளரும் உழவரும் மூன்று காரியங்களை மேற்கொள்ள வேண்டுகிறோம். புதுக் கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வுக்கூடத்தில் பரிசோதியுங்கள். மணமான பெண்கள் கீரையும் பருப்பும் குறைவின்றி உண்ணச் செய்து, மாத்திரை குறித்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியுங்கள். தாழி கிடைப்பின் கைவைக்காது கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரிவியுங்கள்.

இறுதியாக ஒன்று. அமெரிக்காவின் பிளோரிடாவில், விண்டோவர் என்னுமிடத்துச் சேற்றில், 7000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சிறுவனின் எலும்புகள் கிடைத்தன. தண்டுவடப் பிளவுடன் பிறந்த அவன் ஏறத்தாழ 15 வயது வரை வாழ்ந்திருக்கிறான். சுற்றத்தார் பேணாதிருப்பின் அது இயலுமா? எழுத்தும் சட்டமும் தோன்றுமுன்பே கூட்டுறவு இருந்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? அவர்கள் பேணினர், நாம் பேணுவதோடு தடுக்கவும் வல்லோம்.